ஒரே எண், பதினெட்டுப் பேர்

என் அண்ணன் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி இருந்தது. ஒரு டாக்டர் அதைக் கவனித்து, இவர் மறுபடி வரவேண்டும் என்று எழுதியும் வைத்தார். அந்தத் தகவல் மதினிக்குப் போய்ச் சேரவில்லை. சேரவிடாமல் செய்தது நான் எழுதிவைத்த ஒரு விதி. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்கு வாய் நிற்காது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் வேலை என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். சொன்னால் புரியாது, புரிந்துவிட்டால் "இதுக்கா இவ்வளவு?" என்பார்கள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் அறை. கடைக்காரர்களுக்கு ஆன்லைன் ஃபார்ம் செய்துகொடுப்பேன். வாடிக்கையாளர் அதில் பெயர், போன் நம்பர், என்ன வேண்டும் என்று நிரப்பி அனுப்பினால் அட்டவணையில் ஒரு வரியாக வந்து உட்காரும். அந்த வரி வந்ததும் மற்றதெல்லாம் தானாக நடக்கும்படி இணைத்துவைப்பதுதான் என் பிழைப்பு. உடனே ஒரு நன்றி மெசேஜ், மூன்றாம் நாள் ஒரு விசாரிப்பு, பதில் வராவிட்டால் பதிவுசெய்த குரலில் ஒரு போன், அதற்கும் அசையாவிட்டால் கடையில் இருப்பவர் நேரில் பேசவேண்டிய பட்டியலில் அந்தப் பெயர். ஒருதடவை சரியாகக் கட்டிவிட்டால் நான் செத்தாலும் அது பாட்டுக்கு ஓடும்.

முதன்முதலில் கட்டியது ஒரு கடலைமிட்டாய்க் கடைக்கு. அந்த அண்ணாச்சிக்கு வெளியூர் ஆர்டர் நிறைய. சிக்னல் சரியில்லாத இடத்திலிருந்து ஆட்கள் பட்டனை இரண்டு தடவை, மூன்று தடவை அமுக்கிவிடுவார்கள். ஒரே ஆளுக்கு மூன்று வரி, மூன்று பார்சல். அண்ணாச்சி ஒருநாள் மூச்சிரைக்க மாடியேறி வந்துவிட்டார்.

"ஏம்மா, சென்னைக்காரன் ஒருத்தன் ஒரு கிலோ கேட்டிருக்கான். நம்ம ஆளுக மூணு கிலோவக் கட்டி அனுப்பிட்டாங்க. அவன் போன் போட்டுச் சிரிக்கான்! என்னத்தக் கட்டி வச்சிருக்க நீ?"

அன்றைக்கே உட்கார்ந்து ஒரு விதி எழுதினேன். ஒரே போன் நம்பரில் எத்தனை வரி வந்தாலும் அது ஒரே ஆள். கடைசி வரியை மட்டும் வைத்துக்கொள், முந்தியதைத் தள்ளிவிடு. அரைமணி நேர வேலை. அதற்கப்புறம் ஒரு பார்சல்கூட இரட்டிக்கவில்லை. அண்ணாச்சி என்னைப் புகழ்ந்த புகழில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து வந்த ஜவுளிக்கடைக்கும், பூச்சிமருந்துக் கடைக்கும் அதை அப்படியே நகலெடுத்துப் போட்டேன். எங்கேயும் புகார் வரவில்லை.

பிறகு ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை, அவர்கள் மேல் ஒரு தப்பும் கிடையாது. கிராமம் கிராமமாகப் பெண்களுக்கு முகாம் நடத்தப்போகிறோம், மார்பிலும் கர்ப்பப்பையிலும் புற்று இருக்கிறதா என்று பார்ப்போம், வந்தவர்களை விடாமல் பின்தொடர ஒரு ஏற்பாடு வேண்டும் என்றார்கள். முகாமில் நர்ஸ் ஒவ்வொருத்தியையும் சோதித்து ஃபார்மை நிரப்புவார். சில நாள் கழித்து டாக்டர் அந்த அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "இயல்பு" அல்லது "மறுபரிசோதனை" என்று குறிப்பார். அதன்பின் என் ஏற்பாடு ஓடத் தொடங்கும். மறுபரிசோதனைக்காரிகளுக்கு மெசேஜ் போகும், போன் போகும், அதற்கும் வராவிட்டால் நர்ஸ் கையில் பட்டியல் போகும்.

பூச்சிமருந்துக் கடைக்குக் கட்டியதைத்தான் எடுத்து மாற்றினேன். அதைக் காட்டியபோது அங்கிருந்த மேலாளர் சொன்ன ஒரே குறை, "மேடம், எல்லா எடத்துலயும் கஸ்டமர் கஸ்டமர்னு வருது. பேஷண்ட்னு மாத்திருங்க." ஒன்றுவிடாமல் தேடித்தேடி மாற்றினேன். அந்த விதியிலும் ஒரு இடத்தில் "கஸ்டமர்" இருந்தது. அதையும் மாற்றினேன். மாற்றும்போது அந்த விதி என்ன செய்கிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை.

வெளியூர்க்காரி ஒருத்தி இதைச் செய்திருந்தால் பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று விட்டுவிடலாம். நான் கழுகுமலை ரோட்டில் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற ஊரில் பிறந்தவள். எங்கள் ஊர்ப் பெண்கள் தங்கள் போன் நம்பரை வெளியாளிடம் கொடுக்கமாட்டார்கள். பாதிப் பேருக்குப் போனே கிடையாது, வீட்டில் இருக்கிற போன் புருஷன் சட்டைப் பையில் இருக்கும். எதற்கு நம்பர் கேட்டாலும் மகளிர் குழுத் தலைவியின் நம்பரைச் சொல்வார்கள். ஆடு வளர்ப்புப் பயிற்சி என்றாலும் அவள் நம்பர், யூனியன் ஆபீசில் கூட்டம் என்றாலும் அவள் நம்பர். அவளுக்கு ஒரு மெசேஜ் வந்தால் அது குழுவுக்கே வந்த மெசேஜ். அவள் தெருவில் நின்று சத்தம் கொடுப்பாள், பதினெட்டுப் பேருக்கும் தெரிந்துவிடும். இதெல்லாம் நான் பிறந்ததிலிருந்து பார்த்தது. பார்த்து என்ன பிரயோசனம்?

எங்கள் ஊரில் முகாம் மாசி மாதம் நடந்தது. அறுவடை முடிந்து காடு வெறுமனே கிடந்த நேரம். மதினியைப் போகச் சொன்னதே நான்தான். அவள் தீப்பெட்டிக் கம்பெனி வேனில் காலையில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவாள். அன்றைக்கு அரைநாள் லீவு போடச்சொல்லி நச்சரித்தேன்.

"எனக்கு என்னட்டி கேடு? கல்லு கணக்கா இருக்கேன்" என்றாள்.

"நான் கட்டிக்குடுத்த ஏற்பாடு மதினி. நம்ம ஊர்ல ஆளே வரலன்னா எனக்குல்லா அசிங்கம்!"

"ஓ, கம்ப்யூட்டர்காரி கவுரவத்துக்காக நான் சட்டையக் கழத்தணுமாக்கும்?" என்று சிரித்தாள். ஆனால் போனாள். குழுவில் பதினெட்டுப் பேரும் போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போனபோது தலைவியக்கா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, ஒன் ஆஸ்பத்திரி மெசேஜு வந்துட்டு. எல்லாருக்கும் ஒண்ணுமில்லையாம். தெருப்பூரா சொல்லிட்டேன்." போனை நீட்டினாள். பரிசோதனை முடிவு இயல்பாக உள்ளது, அடுத்த ஆண்டு மறுபடி வாருங்கள் என்று நான் எழுதிய வாசகம். தமிழ் எழுத்து உடையாமல் வந்திருக்கிறதா என்று பார்த்தேன். உடையாமல் வந்திருந்தது. மேலே குழுப் பொருளாளரின் பெயர் இருந்தது. பதினெட்டில் ஒன்றைக் காட்டுகிறாள் என்று நான் நினைத்தேன். பொறுப்பில் இருக்கிறவள் பேரில் குழுவுக்கே சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். இன்னும் கொஞ்சம் திரையைத் தள்ளிப் பார்த்திருந்தால் அதற்கு மேலும் கீழும் வேறு மெசேஜ் இல்லை என்று தெரிந்திருக்கும்.

அன்றைக்கு மதினி நல்ல உற்சாகத்தில் இருந்தாள். சோறு போட்டுக்கொண்டே, "அந்த நர்சம்மா இங்கன ரொம்ப நேரம் அமுக்கி அமுக்கிப் பாத்தாவ. எனக்கு ஒரு வாரமா ஒறக்கமே இல்ல. மெசேஜு வரும், அதுபடி செய்யுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ. நல்லவேளை, ஒண்ணுமில்ல" என்றாள். அவள் கை இடப்பக்க மார்பின் ஓரத்தில் போய்த் திரும்பியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ரசம் கேட்டேன்.

ஐப்பசியில் மழை விழுந்து, பாசிப்பயறு முளைத்து, களையெடுக்கப் போன இடத்தில் மதினிக்கு இடது கையைத் தூக்கமுடியாமல் வலித்தது. கரிசல் சகதியில் காலை இழுத்து இழுத்து நடந்ததில் சுளுக்கிக்கொண்டது என்று எண்ணெய் தேய்த்தாள். பத்து நாளில் அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. அண்ணனுக்கு வேலையை விட்டுவிட்டு வரமுடியாததால் நான்தான் அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா சோதித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். மதினியை வெளியே உட்காரச் சொன்னார். என்னிடம் திரும்பி, "மாசி மாசமே இவங்களை வரச்சொல்லிக் குறிச்சிருக்கேனே. ஏன் வரல? மெசேஜ், போன் எல்லாம் வந்திருக்குமே?" என்றார்.

"அவியளுக்கு ஒண்ணுமில்லைன்னுதான் வந்தது" என்றேன் நான், கொஞ்சம் கோபமாகவே.

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். பதினெட்டுப் பெயர், பதினெட்டுக்கும் எதிரே ஒரே நம்பர். பதினோராவது வரி மதினி. எதிரே "மறுபரிசோதனை, உடனே." பதினெட்டாவது வரி பொருளாளர். எதிரே "இயல்பு." அந்த நம்பரைப் பார்த்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. என் விதி பதினெட்டுப் பேரையும் ஒரே ஆளாக்கி, கடைசி வரியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. அறைக்கு வந்து திறந்து பார்க்கவேண்டிய தேவையே இல்லை. ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னேன் போலிருக்கிறது, டாக்டரம்மா தண்ணீர் எடுத்துக்கொடுத்தார்.

அப்போதே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். நான் விடாமல் கேட்டதால் சொன்னார். சின்னக் கட்டி, எடுத்துப்போட்டிருப்போம், பெரும்பாலும் அதோடு முடிந்திருக்கும் என்றார். இப்போது அக்குளின் நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவிவிட்டது, மதுரைக்குக் கூட்டிப்போங்கள், ஊசி மருந்து ஏற்றி, சுருங்கினால் ஆபரேஷன் செய்யலாம், வாய்ப்பு இருக்கிறது என்றார்.

அன்றிரவுக்குள் விதியை அழித்துவிட்டு, அது தள்ளிவிட்ட வரிகளையெல்லாம் எல்லா முகாமிலிருந்தும் தேடி எடுத்தேன். மறுபரிசோதனை என்று இருந்தவர்கள் இன்னும் இரண்டு பேர். இரண்டும் பக்கத்து ஊர்கள். மறுநாள் பஸ் பிடித்து வீடு வீடாகப் போய் நின்று கூட்டி வந்தேன். இரண்டு பேருக்கும் வெறும் கொழுப்புக் கட்டி. ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மேலாளர் அரைமணி நேரம் பேசினார், நான் வாங்கிக்கட்டிக்கொண்டேன். இத்தனையும் செய்த எனக்கு வீட்டில் மட்டும் வாய் திறக்கவில்லை. நிற்காத வாய் அங்கே மட்டும் நின்றுவிட்டது.

ஊரில் ஆட்கள் தலைவியக்காவைத்தான் பிடித்தார்கள். ஒண்ணுமில்லை என்று தெருவெல்லாம் சொன்னவள் அவள்தானே? அண்ணன் அவள் வாசலில் போய் நின்று கத்தினான். "எங்க வீட்டுக்காரிக்கு ஒண்ணுமில்லன்னு ஒனக்கு எவன் சொன்னான்? நீ என்ன பெரிய டாக்டரா?" அவள் போனை எடுத்து அந்த மெசேஜைக் காட்டியிருக்கிறாள். "இதுல யாரு பேரு இருக்கு, படி! படிக்கத் தெரியாதா ஒனக்கு?" என்று போனைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்துவிட்டான். அவள் சிதறிய போனைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாளாம். அடுத்த கூட்டத்தில் வேறொருத்தியைத் தலைவி ஆக்கினார்கள். இதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம் என்று கார்த்திகை போயிற்று, மார்கழியும் போயிற்று.

மதுரையில் மதினிக்கு இரண்டு ஊசி முடிந்தது. வாந்தியும் புண்பட்ட வாயுமாக இருந்தாலும் அவள் தெம்பாகத்தான் இருந்தாள். கட்டி சுருங்க ஆரம்பித்திருக்கிறது என்று அங்கே சொன்னார்கள். "விதி வந்துட்டு, அதுக்காக விட்டுர முடியுமா? பாத்துருவோம் ஒரு கை" என்பாள். ஒவ்வொரு தடவையும் நான்தான் உடன் போனேன், ராத்தங்கினேன், கழுவினேன், துடைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாட்டா என் கதி என்னட்டி" என்று சொல்லும்போதெல்லாம் கையை உருவிக்கொண்டு வாளியைக் கழுவப் போய்விடுவேன்.

தை பிறந்த மறுவாரம் ஒரு மதியம், ஊரில் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வெளியே போயிருந்தான். தலைவியக்காவை நினைத்து மதினி பல்லைக் கடித்தாள். "அவ முகத்துல முழிக்கவே பிடிக்கல. எப்படிச் சொன்னா பாரு, எல்லாருக்கும் ஒண்ணுமில்லன்னு."

என்னால் தாங்கமுடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணாச்சி கடை, இரட்டைப் பார்சல், ஒரே நம்பர் ஒரே ஆள், கடைசி வரி.

"அப்ப அந்த டாக்டரம்மா என்னய வரச்சொல்லித்தான் எழுதியிருக்காவ?"

"ஆமா மதினி."

"அப்பமே போயிருந்தா?"

இங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது முழுசாக இறக்கிவைப்பது. "அதோட முடிஞ்சிருக்கும்னு சொன்னாங்க. சின்னக் கட்டிதானாம்" என்றேன்.

மதினி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அப்புறம், "வரிசையில கடைசியாத்தான் நின்னேன். ஆடு அவுந்து கெடக்கு, எங்கனயாவது போயிரும்னு பொருளாளரக்காட்டக் கேட்டு எடம் மாத்தி முன்னால போனேன்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

நான் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் காலை மெதுவாக இழுத்துக்கொண்டாள். "ஒங்கண்ணன்ட்ட சொல்லாத. அவிய தாங்கமாட்டாவ. நாளையிலருந்து நீ வராண்டாம். அந்தக்காவ வரச்சொல்லு."

தலைவியக்காவிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை ஏசுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "என்னய வரச்சொன்னாளா? நிசமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். அன்றிலிருந்து மதினியோடு இருந்தவள் அவள்தான். ஊர் அவளைப் பேசியதை மறுத்து அவள் என் பேரைச் சொல்லவில்லை. செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, சாகிறவளுக்குக் கஞ்சி ஊற்றுகிறாள் என்று சொன்னார்கள், அதையும் கேட்டுக்கொண்டாள். அண்ணனும் அப்படித்தான் நினைத்தான்.

மூன்றாவது ஊசி போடவில்லை என்று கேள்விப்பட்டேன். உடம்பு தாங்கவில்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன். நான் வாசல்வரை போவேன், தலைவியக்கா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து தலையை ஆட்டுவாள், திரும்பிவிடுவேன். சித்திரை முடிவதற்குள் மதினி போய்ச் சேர்ந்தாள்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அண்ணன் பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "மொதல்ல நீதான் கூடயே இருந்து பாத்த. ஒன் பொழப்பு கெட்டுரும்னுதான் ஒன்ன வராண்டாம்னு சொன்னாளாம். கடைசி வரைக்கும் ஒன்னப் பத்தி ஒரு கொற சொல்லலட்டி" என்றான். அந்தப் பக்கம் தலைவியக்கா ஒற்றை ஆளாக அண்டா குண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளோடு யாரும் பேசவில்லை. நான் அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

அவன் கத்தவில்லை. "இது அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும். நாந்தான் சொன்னேன்."

"எப்பச் சொன்ன?"

"பொங்கலுக்கு அடுத்த புதன்கிழமை. நீ விதைக் கடைக்குப் போயிருந்த."

அவன் விரல்விட்டு நாளை எண்ணினான். "மறுநா வியாழக்கிழமைதான் மதுரைக்குப் போவணும். காலையில எந்திரிச்சு, இனிமே ஊசி வேண்டாம்னுட்டா. சுருங்குதுன்னு சொல்லுதாங்களே, ஏன் வேண்டாங்கன்னு கெஞ்சிக் கேட்டேன். முந்தியே முடிஞ்சிருக்க வேண்டியது, இனிமே எதுக்குன்னா. எனக்கு அது என்ன பேச்சுன்னே வெளங்கல" என்றான்.

பிறகு எழுந்து தலைவியக்காவிடம் போனான். அவள் கையிலிருந்த குண்டாவை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து அவனும் தேய்க்க ஆரம்பித்தான். நான் கிட்டே போனேன். "நீ கோவில்பட்டிக்குப் போ" என்றான், நிமிர்ந்து பார்க்காமல்.